பதினெட்டு

முப்பத்தாறாம் கிழமை.
மாஞ்சோலை ஆஸ்பத்திரியின் ஸ்கான் அறையில்
குளிர்ந்த களி வயிற்றில் பரவ
டொக்டர் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே
ஒரு கோடு இழுத்தார்.
"பதினெட்டு" என்றார்.
இளங்கொடியின் ஓரத்துக்கும்
பிள்ளை வெளிக்கிடும் வாசலுக்கும் இடையே
பதினெட்டு மில்லிமீற்றர்.

இருபதென்றால் பேசாமல் விட்டிருப்பாராம்.
பத்தென்றால் பேசாமல் வெட்டியிருப்பாராம்.
பதினெட்டுக்குப் பேசவேண்டியிருக்கிறது.

குறைகிற இரண்டு
ஓர் எள்ளின் அகலம்.

எனக்கு அளவு தெரியும்.
ஆறு வருடம் முகமாலை வெளியில்
முழங்காலில் நின்றவள் நான்.
ஒரு மீற்றர் பாதை.
அந்தப் பக்கம் சிவப்புத் தடி, இந்தப் பக்கம் வெள்ளை.
கருவி கீச்சிட்டால் ஆணியோ, போத்தல் மூடியோ,
தோண்டிக் கண்ணால் காணும்வரை
அது வெடிதான்.
சந்தேகமென்றால் எழும்பு,
வந்த பாதையாலே திரும்பிப் போ.
அங்கே சட்டம் அவ்வளவுதான்.

இங்கே திரும்பிப் போகப் பாதையில்லை.

மாமி சொல்கிறா:
"வெட்டினா ஆறு மாசத்துக்குக் குடம் தூக்கேலாது.
அடுத்ததுக்கும் வெட்டத்தான் வேணும்.
நோ எண்டா ஒரு நாள் நோ."
சொல்லிவிட்டு என் இடுப்பைப் பார்க்கிறா,
பிறகு முகத்தைப் பார்க்காமல் போகிறா.

தவரூபன் ஒன்றும் சொல்வதில்லை.
அவன் முத்தையன்கட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு
றோட்டை மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருக்கிறான்.
ஒட்டுசுட்டான் வரைக்கும் குழி.
இரவில் யானை நின்றால்
ஓட்டோவை நிப்பாட்டி, விளக்கை அணைத்து இருக்கவேண்டும்.
எவ்வளவு நேரம் என்பது
யானைக்குத்தான் தெரியும்.

மிஸ்ஸி என் கொப்பியைப் புரட்டினா.
இருபதாம் கிழமையில் ஐந்து.
முப்பத்திரண்டில் பதினொன்று.
"கொடி மேல ஏறுது என்ன, மிஸ்ஸி?"
"கொடி எங்கயும் போறேல்ல பிள்ளை,
ஒட்டின இடத்திலதான் நிக்குது.
கீழ்ச்சுவர்தான் இழுபட்டு நீளுது."

அன்றிரவு நித்திரை இல்லை.
நான் துப்புரவாக்கிய நிலம்
ஒருநாளும் இப்படிச் செய்ததில்லை.
புதைந்ததை ஒரு பக்கத்தில் விட்டுவிட்டு
தானே வளர்ந்து
எனக்கு வழி விட்டதில்லை.

சட்டையின் நெஞ்சில்
ஆறு வருடம் குத்திக்கொண்டு திரிந்த எழுத்து:
ஓ நெகட்டிவ்.
வெயிலில் வெளிறி, வியர்வையில் தோய்ந்து,
ஒருவரும் அதை வாசிக்க வேண்டி வரவில்லை.
இன்று இரத்த வங்கிப் பெடியன்
இரண்டு தரம் வாசித்தான்.
"கிடைக்கிறது கஷ்டம் அக்கா" என்றான்.
என் அணியில் சுபாங்கினிக்கும் அதே இனம்.
கோல் எடுத்தேன்.
"எத்தின மணிக்கு வாறது?" என்று மட்டும் கேட்டாள்.

டொக்டருக்கு மறுபடியும் போனேன்.
காலியிலிருந்து வந்தவர்,
தமிழைக் கல்லுக்குக் கல் கால்வைத்துக் கடப்பவர்.
"உங்கட மனுசியெண்டா என்ன செய்வீங்கள்?"
பேனையை மூடினார்.
"அவவுக்கும் இப்பிடித்தான். அவ வெட்டச் சொன்னா.
நான் பொறுக்கச் சொன்னேன்.
அவ சொன்னதுதான் நடந்தது."
"எது சரி?"
"பிள்ளைக்கு இப்ப நாலு வயசு.
எது சரியெண்டு இன்னும் தெரியாது."

அதற்குப் பிறகுதான் எனக்கு அவரில் நம்பிக்கை வந்தது.

சொன்னேன்:
நோவு வரட்டும்.
ஆனால் என் வீட்டில் வரவேண்டாம், றோட்டில் வரவேண்டாம்,
யானைக்குப் பின்னால் வரவேண்டாம்.
இந்தக் கட்டிலில் வரட்டும்.
பக்கத்தில் என் இரத்தம் பையில் இருக்கட்டும்.
சொட்டுக்கு மேலே ஒரு சொட்டுக் கண்டாலும்
என்னைக் கேட்கவேண்டாம், வெட்டுங்கோ.
அதற்கும் இப்பவே கையெழுத்து.

முப்பத்தேழு தொடங்க ஏழாம் கட்டில்.
மாமி தந்துவிட்ட எள்ளுருண்டை தலைமாட்டில்.
எட்டாம் கட்டில் கொக்குளாய்க்காரி
திரும்பிப் படுத்துக் கேட்கிறாள்:
"முடிவெடுத்தாச்சோ?"

"என்ர பங்கை எடுத்தாச்சு."

உள்ளே ஒரு குதிகால்
விலாவை மெதுவாகக் குத்திப் பார்க்கிறது,
சரிவாக,
நாங்கள் மண்ணைக் குத்துகிற அதே சரிவில்.